அறுபது பேர் வந்தார்கள், ஏழு பிரதிகள் விற்றன

கேள்வி: திருச்சி உறையூரில் என் தந்தை தொடங்கிய புத்தகக் கடையை 11 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். 400 சதுர அடி இடம், மாதம் 12,000 ரூபாய் வாடகை, உதவிக்கு ஒரு பெண். இலக்கியம், வரலாறு, குழந்தைகள் நூல்கள் மட்டுமே விற்கிறேன். அண்மைக் காலமாகக் கடைக்கு வருவோர் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, “கிண்டிலில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்” எனச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மின்னூல் விற்கும் இணையதளம் ஒன்றை 2 லட்சம் ரூபாயில் அமைத்துத் தருவதாக என் அக்காள் மகன் சொல்கிறான். எழுத்தாளர் சந்திப்புகள் நடத்தினால் விற்பனை கூடும் என்கிறார்கள் நண்பர்கள். சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில் அப்படி ஒன்றை நடத்தினேன். அறுபது பேர் வந்தார்கள்; சுண்டல் தீர்ந்தது; ஏழு பிரதிகள் விற்றன. 6,500 ரூபாய் செலவு. இரண்டில் எதில் இறங்குவது?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் 2 லட்சத்தைவிட அந்த ஏழு பிரதிகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. மின்னூலையும் எழுத்தாளர் சந்திப்பையும் தனித்தனி வழிகளாக வைத்து, எதில் இறங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்பக விற்பனைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து, அதன்பின் சிறு கடைகளின் கொள்முதலையும் கணக்கையும் பார்த்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடை வழியாக மின்னூல் விற்பதற்கு ஒரே ஒரு வேளைதான் உண்டு. எழுத்தாளர் உங்கள் கடையில் உட்கார்ந்து பேசி முடித்த அந்த அரைமணி நேரமும், அதைத் தொடரும் இரண்டு மூன்று நாட்களுமே அந்த வேளை. மற்ற நாட்களில் கைபேசியில் படிப்பவர் மின்னூல் வாங்க உங்கள் தளத்தைத் தேடி வரப்போவதில்லை. அவருடைய கைபேசியிலேயே கடை இருக்கிறது. ஆகவே கூட்டத்தை முதலில் சரிசெய்யுங்கள்; மின்னூல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

இணையதளக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 300 ரூபாய் விலையுள்ள அச்சு நூலைப் பதிப்பாளர் தரும் 30 விழுக்காடு கழிவில் எடுத்து விற்றால் உங்களுக்கு நிற்பது 90 ரூபாய். வாடிக்கையாளருக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் 60 ரூபாய். அதே நூலின் மின்பதிப்பு 150 ரூபாய் என்றும், பதிப்பாளர் அதில் உங்களுக்கு 20 விழுக்காடு தர இசைந்தார் என்றும் வைத்துக்கொள்வோம். (இசைய வைப்பதற்கே நீங்கள் நாலு முறை சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.) வரியைக் கழித்தால் 143 ரூபாய், அதில் உங்கள் பங்கு 28 ரூபாய், இணையவழியில் பணம் பெற்றுத் தரும் நிறுவனத்தின் கட்டணம் போக 25 ரூபாய் மிஞ்சும். 2 லட்சத்தை மீட்க 8,000 மின்னூல்கள் விற்க வேண்டும். ஆண்டுதோறும் தளத்தைப் பராமரிக்கும் செலவை நான் இதில் சேர்க்கவில்லை. கடந்த ஓராண்டில் எத்தனை அச்சுப் பிரதிகள் விற்றன என்பதை உங்கள் பில் புத்தகத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த 8,000 என்ற எண்ணை அக்காள் மகனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

உங்களைவிடப் பெரிய கடைகளே இதில் தனியாக நிற்க முடியவில்லை. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம் 2010 டிசம்பரில் கூகுளுடன் சேர்ந்து, உறுப்பினர் கடைகள் தத்தம் இணையதளங்கள் வழியே மின்னூல் விற்க ஏற்பாடு செய்தது. 2012 ஏப்ரலில் கூகுள் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2013 ஜனவரியோடு அது நின்றுபோயிற்று. இடையில், 2012 ஆகஸ்டில், சங்கம் கோபோ என்ற மின்னூல் நிறுவனத்துடன் வேறொரு ஒப்பந்தம் செய்துகொண்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. தனிக் கடைகளுக்காக 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட புக்ஷாப்.ஆர்க் என்ற தளமும் ஐந்து ஆண்டுகள் அச்சு நூல்களை விற்றுக் காலூன்றிய பிறகே, 2025 ஜனவரியில் மின்னூலுக்கு வந்தது. ஒரு கடையின் வழியே வாங்கப்படும் மின்னூலில் கிடைக்கும் லாபம் முழுவதையும் அந்தக் கடைக்கே கொடுத்துவிடுவது அவர்களுடைய முறை. நம்மிடம் அப்படியொரு பொதுத்தளம் இருந்தால் உங்களை இன்றைக்கே அதில் சேரச் சொல்லியிருப்பேன். அது இல்லாத நிலையில், சங்கங்களே தடுமாறிய வேலையை ஒரு கடை தன் சேமிப்பைப் போட்டுச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் கடைக்கென்றே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது; அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு ஆனாலும், ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. மின்னூலின் நிலை வேறு. அச்சுப் பதிப்பு உள்ள நூலின் மின்வடிவத்துக்கான வரி 2018 ஜூலையில் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டதே தவிர, நீக்கப்படவில்லை. வரிக்குரிய விற்பனை ஒன்றைச் சேர்த்த அன்றிலிருந்து, பதிவுக்கான வரம்பைக் கணக்கிடும்போது உங்கள் அச்சு நூல் விற்பனையும் மொத்த விற்றுமுதலில் சேர்த்து எண்ணப்படும். மாதம் இருபது மின்னூல் விற்று ஐந்நூறு ரூபாய் பார்ப்பதற்காகப் பதிவு, மாதாந்தரப் படிவம், ஆடிட்டர் கட்டணம் என்று ஒரு வண்டி வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடும். பதிப்பாளரின் மின்னூலுக்குத் தரகு மட்டும் பெற்றாலும் அந்தத் தரகு வரிக்குரிய சேவைதான். உங்கள் ஆடிட்டரிடம் விற்றுமுதல் கணக்கைக் காட்டிக் கேட்காமல் இதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால், மின்னூலைக் கடைக்குள் விடவே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். அட்டையைப் படமெடுத்துச் செல்பவரை எதிரியாகப் பார்க்கும் கடைகள், அவரையும் இழந்து, அவர் அழைத்து வரக்கூடிய நால்வரையும் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். மின்னூல் படிப்பவர்கள் எல்லாரும் இளைஞர்கள் என்பதும் பிழையான எண்ணம். நான் ஆலோசனை சொல்லும் கடை ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வருவதையே நிறுத்தியிருந்தார். கடைக்காரர் தம்முடைய ஆறு அங்குல வாசிப்புக் கருவியை அவர் கையில் கொடுத்து, எழுத்தின் அளவை ஒவ்வொரு படியாகக் கூட்டிக் காட்டினார். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் நின்றது. ஆசிரியர் அந்த ஏழெட்டு வரியைப் படித்து முடித்து, அடுத்த பக்கம் போவது எப்படி என்று கேட்டார். அன்று கடைக்கு ஒரு காசு வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் முதல் அவர் மறுபடியும் வரத் தொடங்கினார். பேரப் பிள்ளைகளுக்கு நூல் வாங்குவது அந்தக் கடையில்தான். நீங்களும் ஒரு கருவியை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தந்துவரும் பழைய நூல்களையும், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களையும் அதில் ஏற்றி, விருப்பமுள்ளவர்களுக்குத் தரவிறக்கும் முறையைக் காட்டிக் கொடுங்கள். புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். எழுத்தாளர் மறைந்த பின் 60 ஆண்டுகள் என்ற காப்புரிமைக் காலம் அவருக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அவரை மின்னூலாக விற்று நீங்கள் சம்பாதிக்க வேண்டியதில்லை. மின்வடிவில் இரண்டு கதை படித்துவிட்டுத் தொகுப்பை அச்சில் கேட்டு வருபவர்கள் உண்டு.

ஆனால் இன்றைய எழுத்தாளர்களின் நூல்களைத் திருட்டுப் பிடிஎப் ஆக்கி வாட்ஸப்பில் சுற்றவிடும் பழக்கத்துக்கு உங்கள் கடையின் குழுவில் இடம் கொடுக்காதீர்கள். ஒருமுறை அனுமதித்தால், எந்த எழுத்தாளரையும் உங்கள் கடைக்கு அழைக்கும் தகுதி போய்விடும்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். அறுபது பேரில் ஏழு பேர் மட்டுமே வாங்கியதற்கு உறையூர் வாசகர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் “மண்டபம்” என்ற ஒரு சொல்லே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மண்டபத்தில் நடக்கும் நூல் வெளியீடு நம் ஊரில் ஏறக்குறைய ஒரு கல்யாணம். வரவேற்புரை, வெளியிடுவோர் ஒருவர், முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வோர் ஒருவர், வாழ்த்துரை நால்வர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, கடைசியில் ஏற்புரை, நன்றியுரை. எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி எட்டேகால். பாதிப் பேர் பேருந்தைப் பிடிக்க எழுந்துவிட்டிருப்பார்கள். வந்தவர்களில் சரிபாதி எழுத்தாளரின் உறவினரும் நண்பரும். அவர்களுக்கு அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டுப் பிரதி கொடுத்திருப்பார். மேடையில் இருந்தவர்களுக்கும் இலவசப் பிரதி. எஞ்சியவர்கள் நூலைப் பற்றிய புகழுரையை இரண்டு மணி நேரம் கேட்டார்களே ஒழிய, நூலிலிருந்து ஒரு பத்தியைக்கூடக் கேட்கவில்லை. விற்பனை மேசை செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இவற்றில் எத்தனை உங்கள் கூட்டத்துக்குப் பொருந்தும் என்று எனக்கு எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்த கூட்டத்தைக் கடைக்குள்ளேயே நடத்துங்கள். 400 சதுர அடியில் நடுமேசையை ஓரங்கட்டினால் இருபத்தைந்து பேர் உட்காரலாம். இருபத்தைந்து பேர் போதும். சுற்றிலும் அலமாரி இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சு சலிக்கும்போது கண்ணை ஓட்டுவது உங்கள் நூல்கள் மீது. மண்டபத்தில் அந்தக் கண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கட்டணம் என்று வைத்தால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். நூலையே நுழைவுச் சீட்டாக வையுங்கள். அந்த எழுத்தாளரின் ஏதேனும் ஒரு நூலை, புதியதோ பழையதோ, உங்கள் கடையில் வாங்கியவருக்கு ஒரு நாற்காலி. பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு ஐந்து இடங்களை இலவசமாக ஒதுக்கிவிடுங்கள். அந்த ஐவரில் ஒருவராவது பத்தாண்டு கழித்தும் உங்கள் வாடிக்கையாளராக இருப்பார்.

வேலை கூட்டத்துக்கு ஐந்து வாரம் முன்பே தொடங்க வேண்டும். பதிப்பாளரிடம் புதிய நூலில் 40 பிரதிகளும், அதே எழுத்தாளரின் முந்தைய நூல்கள் ஒவ்வொன்றிலும் எட்டோ பத்தோ பிரதிகளும் கேளுங்கள். விற்றதற்குப் பணம், மிச்சம் திருப்பி அனுப்பப்படும் என்ற ஏற்பாட்டில், அனுப்பிய பிரதிகளைக் குறிக்கும் டெலிவரி சலானோடு வாங்குங்கள். கூட்டத்தின் தேதியைச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. இதில் என் நீண்ட நாள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எழுத்தாளர் நேரில் வரும் நாளில், புதிய நூலைக் காட்டிலும் அவருடைய பழைய நூல்களே அதிகம் விற்கும். புதியதை ஆர்வலர்கள் முன்பே வாங்கிவிடுகிறார்கள். அவர் பேசும்போது போகிற போக்கில் குறிப்பிடும் பத்தாண்டுக்கு முந்தைய தொகுப்பைத்தான் கூட்டம் முடிந்ததும் கேட்பார்கள். அது உங்களிடம் இல்லையென்றால் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைபேசியில் வாங்கிவிடுவார்கள். நூல் கைக்கு வந்ததும் உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்களில் பன்னிரண்டு பேரைக் கொண்டு ஒரு வாசகர் வட்டம் அமைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கோவையில் விஜயா பதிப்பகத்தார் கடையோடு சேர்த்து ஒரு வாசகர் வட்டத்தையும் வளர்த்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் ஆகிய கடைகளில் அலமாரிகளுக்கு நடுவே கூட்டங்கள் நடந்து வந்திருக்கின்றன. சென்னைக்குப் போகும்போது அப்படிப்பட்ட ஒன்றில் உட்கார்ந்து, பேச்சைக் கவனிக்காமல் பில் போடும் மேசையை மட்டும் கவனித்துவிட்டு வாருங்கள்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கள். வெளியூர் எழுத்தாளர் இரவு உணவை முடித்துக்கொண்டு மலைக்கோட்டை ரயிலில் சென்னைக்குத் திரும்பிவிடலாம், உங்களுக்கு விடுதிச் செலவு மிச்சம். பொன்னாடையும் வாழ்த்துரையும் வேண்டாம். எழுத்தாளர் தம் நூலிலிருந்து பத்து நிமிடம் வாசிக்கட்டும். எந்தப் பகுதி என்பதை முதல் நாளே அவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு திருப்பத்தில் நிற்கும் பகுதியாக இருந்தால் நல்லது. பிறகு வாசகர் வட்டத்தில் நூலை முழுதும் படித்த ஒருவர் அவரோடு அரைமணி நேரம் உரையாடட்டும். பேராசிரியரைத் தேடாதீர்கள்; பேராசிரியர்கள் கேள்வி கேட்பதற்கு முன் இருபது நிமிடம் முன்னுரை சொல்வார்கள். அதன்பின் பார்வையாளர் கேள்விகள், அதன்பின் கையெழுத்து. வரிசை பில் மேசையைக் கடந்துதான் கையெழுத்து மேசைக்குப் போக வேண்டும். பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நூலுக்குள் வைத்துக் கொடுங்கள். எழுத்தாளர் “ஸ்ரீ”யா “சிறீ”யா, “ரா”வா “இரா”வா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. அவருக்கு ரயில் கட்டணத்தோடு, சிறியதாயினும் ஒரு மதிப்பூதியத்தை உறையில் வைத்துக் கொடுங்கள். எழுத்தாளரை இலவசமாக அழைக்கலாம் என்ற வழக்கம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. எனக்கு அது கூச்சம் தருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர் சராசரி 300 ரூபாய்க்கு ஒரு நூலும், அவர்களில் பாதிப் பேர் இன்னொன்றும் வாங்கினால் முப்பது பிரதிகள். கழிவு 30 விழுக்காடு என்றால் 2,700 ரூபாய். ரயில், மதிப்பூதியம், வாடகை நாற்காலி, தேநீர் எல்லாம் சேர்ந்து 4,000 ஆகும். முதல் கூட்டத்தில் 1,300 ரூபாய் கையைக் கடிக்கும். நோட்டில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று மாதங்களில் வேறு நூல் வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு வந்தால்தான், அந்த 1,300 செலவா முதலீடா என்பது உங்களுக்குத் தெரியவரும். நான்கு கூட்டம் வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் அந்தப் பெயர்கள் திரும்பி வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். உள்ளூர் எழுத்தாளர்களை மட்டும் அழைத்துச் செலவைப் பாதியாக்கியும் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் மின்னூல் உள்ளே வருகிறது. கூட்டத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, எழுத்தாளர் வாசித்த பத்து நிமிடத்தை மட்டும் மறுநாளே வெளியிடுங்கள். சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ இருக்கும் திருச்சிக்காரர் அதைப் பார்ப்பார். 300 ரூபாய் நூலை அனுப்ப அதைவிட அதிகமாக அஞ்சல் செலவாகும் என்பதால் அவர் அச்சு நூல் வாங்குவதில்லை. பதிப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்த நூலின் மின்பதிப்பை அவரே நேரடியாக விற்கவும், வாங்குபவர் பணம் கட்டும்போது இடுவதற்கு உங்கள் கடையின் பெயரால் ஒரு குறிச்சொல் கொடுத்து, அதன் வழியே வந்த விற்பனைக்கு உங்களுக்கு ஒரு பங்கு தரவும் கேளுங்கள். பங்கைப் பணமாகத் தராமல், அடுத்த கொள்முதலில் கூடுதல் கழிவாகத் தருவதே பெரும்பாலான பதிப்பாளர்களுக்கு எளிது. இதை எந்த வகையில் காட்டுவது என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தளமும் வேண்டாம், பணம் பெறும் ஏற்பாடும் வேண்டாம்.

பேசுவதற்கு முன் இரண்டு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்று, மின்னுரிமை யாரிடம் இருக்கிறது என்பது. பழைய ஒப்பந்தங்களில் மின்னூல் என்ற சொல்லே இருக்காது. சில நூல்களுக்கு ஒப்பந்தமே இருக்காது. மற்றொன்று, 2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் கடையான கிண்டில் தமிழுக்கு வந்த பிறகு எழுத்தாளர்கள் பலர் தாங்களே நூல்களை அங்கே ஏற்றிவிட்டார்கள். மாதச் சந்தாவில் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் தம் நூலைச் சேர்க்கும் எழுத்தாளர், 90 நாட்களுக்கு அதன் மின்வடிவை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அவராக விலகாவிட்டால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். விவரம் தெரியாமல் நீங்கள் அதே நூலுக்கு வேறு ஏற்பாடு செய்தால் மாட்டிக்கொள்பவர் எழுத்தாளர். அத்தகைய நூல்களுக்குக் கூட்டத்தில் அச்சுப் பிரதியை மட்டும் விற்றுவிட்டு, மின்னூலைக் கேட்பவரிடம் “கிண்டிலில் இருக்கிறது” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டாலும் அவர் கண்டுபிடிப்பார்.

மின்பதிப்பை உங்கள் கருவியில் ஐந்து பக்கமாவது நீங்களே படித்துப் பார்க்காமல் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்துக் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது, “கொடி” என்ற சொல்லின் கொம்பும் காலும் ககரத்தைவிட்டுப் பிரிந்து தனித்தனியே நிற்கும். அப்படிப்பட்ட மின்னூல்களைப் பணம் கொடுத்து வாங்கி நான் பக்கத்துக்குப் பத்துப் பிழை திருத்தியிருக்கிறேன். அக்காள் மகனுக்கு உதவும் மனம் இருந்தால், இந்தச் சோதனையையும், பெயர்கள் எழுதிய நோட்டைக் கணினியில் ஏற்றுவதையும், பத்து நிமிடக் காணொளியை வெட்டி ஒட்டுவதையும் அவனிடம் ஒப்படைத்து அதற்குரிய ஊதியம் கொடுங்கள்.

நாள் குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் எழுத்தாளரும் பதிப்பாளரும் சென்னைப் புத்தகக் காட்சியில் இருப்பார்கள். மார்ச்சும் ஏப்ரலும் தேர்வுக்காலம். ஜூனில் பெற்றோர் கையில் பணம் இருக்காது. 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழா நடக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு நாள் அறிவித்தால் அதிலிருந்து ஆறு வாரமாவது தள்ளியே வையுங்கள். ஆடிப்பெருக்கு கழிந்த முதல் சனிக்கிழமை எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சுண்டலை நிறுத்த வேண்டாம், கையெழுத்து முடிந்த பிறகு கொடுங்கள். எண்ணெய்க் கை பட்ட பிரதியைப் பதிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார்.